ஜெர்மனியில் வருட லீவு: மார்ச் 31 தாண்டினால் நிஜமாகவே போய்விடுமா?

"பழைய வருஷத்து லீவை மார்ச் 31-க்குள் எடுக்கலேன்னா போச்சு." ஜெர்மனியில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் லீவு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான். கூடவே இன்னும் சில வரும். மினிஜாப் செய்பவருக்கு லீவு கிடையாது. சேர்ந்த முதல் ஆறு மாதம் லீவு என்று வாயே திறக்கக் கூடாது. எடுக்காத லீவுக்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம். உடம்பு சரியில்லாமல் படுத்த நாட்களை லீவில் கழித்துவிடுவார்கள்.

இவற்றில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை. ஐ.டி. கம்பெனியில் இருப்பவருக்குப் பெரிய நஷ்டம் வராது, அங்கே மனிதவளத் துறை கணக்கு வைத்திருக்கும். உணவகச் சமையலறையிலும் கிடங்கிலும் துப்புரவு வேலையிலும் இருப்பவர்கள்தான் இந்தப் பேச்சை நம்பி வாரக்கணக்கில் சம்பளத்தோடான ஓய்வை இழக்கிறார்கள். அதனால் அடியிலிருந்து பார்த்துவிடுவோம்.

லீவு கொடுப்பது முதலாளியா, சட்டமா?

ரேஷன் அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்கு மாதம் இத்தனை கிலோ என்று அரசு முடிவு செய்துவிட்டது. கடைக்காரர் அதைக் குறைக்க முடியாது. எந்த நாளில் போய் வாங்குவது என்பதில்தான் கடையின் நேரத்தையும் கூட்டத்தையும் பார்க்க வேண்டும். அந்த மாதம் வாங்காமல் விட்டால் அந்த மாதப் பங்கு போய்விடும்.

ஜெர்மனியின் வருட லீவும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. 1963-இல் வந்த கூட்டாட்சி விடுப்புச் சட்டம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் காலண்டர் ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு ஓய்வு என்று சொல்கிறது. அதற்கு மேலே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறை இருக்கிறது. உறுப்பு நாடுகள் எல்லாம் குறைந்தது நான்கு வாரம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் விதி. இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும் அந்த வரி செல்லாது.

24 நாளா, 20 நாளா?

சட்டத்தில் 24 என்றுதான் இருக்கும். இதைப் படித்துவிட்டு "எனக்கு 20 தானே தருகிறார்கள், ஏமாற்றுகிறார்கள்" என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் எண்ணுவது வெர்க்டாக் என்ற கணக்கில். ஞாயிறும் பொது விடுமுறையும் போக மீதி எல்லா நாளும் வெர்க்டாக், சனிக்கிழமையும் சேர்த்து. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 24-ஐ ஆறால் வகுத்தால் நான்கு வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்பவருக்கு அதே நான்கு வாரம் 20 நாளாகிறது.

இது சட்டத்தின் அடிமட்டம். பல ஒப்பந்தங்களில் 25 முதல் 30 நாள் வரை இருக்கும். கடும் உடற்குறை உள்ளவர் என்று அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து நாள் கூடுதல். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தனிச் சட்டத்தில் அதிகம் உண்டு.

பொது விடுமுறைகள் இதில் சேராது. நாடு முழுவதற்கும் பொதுவானவை ஒன்பது. மீதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவில் கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்களில் 13, ஆக்ஸ்பர்க் நகரில் மட்டும் ஆகஸ்ட் 8 சேர்ந்து 14. லீவு எடுத்த வாரத்துக்குள் ஒரு பொது விடுமுறை வந்தால் அந்த நாள் உங்கள் கணக்கில் கழியாது.

மினிஜாப், பகுதி நேரம், புதிதாகச் சேர்ந்தவர்

மினிஜாப் என்பது மாத வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கும் சிறு வேலை. வரியும் காப்பீடும் வேறு மாதிரி என்பதால் லீவும் கிடையாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். லீவுச் சட்டத்தைப் பொறுத்தவரை மினிஜாப்காரர் முழுத் தொழிலாளிதான்.

கணக்கு எளிது. 24-ஐ ஆறால் வகுத்து, வாரத்தில் வேலைக்கு வரும் நாட்களால் பெருக்க வேண்டும். உணவகத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் பாத்திரம் கழுவுபவருக்கு வருடத்துக்கு 12 நாள். வாரம் இரண்டு நாள் என்றால் 8. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பது இந்த எண்ணிக்கையை மாற்றாது. தினமும் இரண்டே மணி நேரம், ஆனால் வாரம் ஐந்து நாள் வந்து அலுவலகம் துடைப்பவருக்கும் 20 நாள் உண்டு. லீவு நாளுக்கான சம்பளம் அந்த இரண்டு மணி நேரத்துக்கு உரியதாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதக் கதைக்கு வருவோம். வருடத்தின் முழு லீவு உரிமை ஆறு மாதம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்பது உண்மை. அதற்கு முன்பு லீவே இல்லை என்பது பொய். ஆறு மாதம் முடியும் முன்பே வேலையை விட்டால் முழுதாக முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. ஐந்து நாள் வேலைக்காரர் நான்கு மாதத்தில் விலகினால் 20-இல் பன்னிரண்டுக்கு நான்கு, அதாவது 6.67. அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் 7 நாள்.

பலர் கவனிக்காத இன்னொன்று. ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்த ஒருவர் ஜூன் 30-க்குப் பிறகு, உதாரணமாக செப்டம்பர் 30-இல், வேலையை விட்டால் ஒன்பது மாதப் பங்கு இல்லை, சட்டப்படியான 20 நாளும் அவருக்கு உண்டு. வருடத்தின் முதல் பாதியில் விலகினால்தான் மாதப் பங்கு. புது வேலையில் அதே வருடத்துக்கு இரண்டாவது முறை வாங்க முடியாது என்பதால் எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று பழைய முதலாளி சான்று எழுதித் தர வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: சட்டம் தருவது நான்கு வாரம். வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பதை வைத்து நாள் கணக்கு மாறும். வேலையின் பெயர் எதுவானாலும் உரிமை ஒன்றுதான்.

தேதியை யார் முடிவு செய்வது?

தொழிலாளியின் விருப்பத்தை முதலாளி மதித்தாக வேண்டும். மறுக்க இரண்டு காரணங்கள்தான்: தள்ளிப்போட முடியாத தொழில் நெருக்கடி, அல்லது முன்னுரிமை உள்ள வேறொரு ஊழியரின் விருப்பம். பள்ளி விடுமுறைக் காலத்தில் குழந்தை உள்ளவருக்கு முன்னுரிமை கொடுப்பது இந்த இரண்டாவது வகை. "ஆள் குறைவு" என்று பொதுவாகச் சொல்வது போதாது. வருடம் முழுக்க ஆள் குறைவாக இருந்தால் அது முதலாளி தீர்க்க வேண்டிய பிரச்சினை.

ஒப்புதல் கொடுத்துவிட்டால் முதலாளி தன்னிச்சையாக அதைத் திரும்பப் பெற முடியாது. ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் இதை நினைவில் வைக்கலாம். மறுபக்கமும் அதே கண்டிப்புதான். ஒப்புதல் இல்லாமல் தானே கிளம்பிப் போனால் வேலையை விட்டு நீக்கவே அது காரணமாகலாம். "கேட்டேன், பதில் வரலே, போயிட்டேன்" என்பது செல்லாது.

உடம்பு சரியில்லாத நாட்கள்

இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்குக் கேஷுவல் லீவு, சிக் லீவு, ஈட்டிய விடுப்பு என்று பழகியிருக்கும். ஜெர்மனியில் வருடத்துக்கு இத்தனை சிக் லீவு என்ற ஒதுக்கீடு கிடையாது. வேலைக்கு வந்து நான்கு வாரம் ஆகியிருந்தால், ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரை முதலாளியே முழுச் சம்பளம் தர வேண்டும். அதற்குப் பிறகு அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் நோய்க்காலப் படி தரும். அது மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆனால் கையில் வரும் சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாது.

வருட லீவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லீவில் இருக்கும்போதே காய்ச்சலில் படுத்தால்கூட மருத்துவச் சான்று உள்ள நாட்கள் லீவுக் கணக்குக்குத் திரும்பிவிடும். இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, திரும்பி வந்த நாட்களை லீவின் வால் பக்கத்தில் நீங்களே ஒட்டிக்கொள்ள முடியாது, புதிதாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். இன்னொன்று, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படுத்துவிட்டால் உடனே முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுப்பதில் "வைரல் காய்ச்சல், ஐந்து நாள் மருந்து" என்று மட்டும் இருந்தால் போதாது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்ய இயலாத நிலை என்று தெளிவாக இருக்க வேண்டும். உள்ளூரில் இந்தச் சிக்கல் குறைவு. 2023 தொடக்கத்திலிருந்து அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களின் சான்றை முதலாளியே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மின்னணு வழியில் எடுத்துக்கொள்கிறார்.

மகப்பேறுப் பாதுகாப்புக் காலமும் வருட லீவைக் குறைக்காது. பிள்ளை வளர்ப்பு விடுப்பு வேறு. அதில் கழியும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கை முதலாளி குறைக்கலாம்.

காலாவதி: 2018-இல் என்ன மாறியது?

சட்ட வாசகம் முதலில். லீவை அந்தக் காலண்டர் ஆண்டுக்குள்ளேயே எடுக்க வேண்டும். ஆக, அடிப்படைக் காலாவதித் தேதி டிசம்பர் 31. தொழில் நெருக்கடியாலோ தொழிலாளியின் சொந்தக் காரணத்தாலோ எடுக்க முடியாமல் போனால்தான் அடுத்த ஆண்டின் மார்ச் 31 வரை நீளும். பல கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எல்லோருக்கும் மார்ச் 31 என்று எழுதிவிட்டதால் அந்தத் தேதிதான் சட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது.

2018 வரை நீதிமன்றங்கள் இதை நேராகவே படித்தன. கேட்காமல் விட்டது தொழிலாளியின் பொறுப்பு, போனது போனதுதான். பிறகு மாக்ஸ் பிளாங்க் ஆய்வுச் சங்கத்தின் வழக்கு வந்தது. அங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்த ஆய்வாளர் ஒருவரின் பணிக்காலம் 2013 டிசம்பர் 31-இல் முடிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, மீதி லீவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் இரண்டு நாள் மட்டும் எடுத்தார். எடுக்காத 51 நாளுக்குப் பணம் கேட்டார், மறுத்தார்கள். ஜெர்மன் நீதிமன்றம் இந்தக் கேள்வியை லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2018 நவம்பர் 6-இல் அங்கிருந்து வந்த பதில் இதுதான்: விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக லீவு தானாகக் காலாவதியாகாது. எடுக்க நிஜமான வாய்ப்பை முதலாளி ஏற்படுத்திக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே.

2019 பிப்ரவரியில் எர்ஃபர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் இதை ஜெர்மன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இப்போது முதலாளிக்கு ஒரு கடமை இருக்கிறது. அதை அறிவிப்புக் கடமை என்று சொல்லலாம். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியாக இப்படி ஒரு மடல் போனால் அந்தக் கடமை நிறைவேறும்:

"2026-ஆம் ஆண்டுக்கு உங்களுக்கு 28 நாள் லீவு இருக்கிறது. இந்த ஆண்டுக்குள் முழுவதும் எடுக்கும் வகையில் நேரத்தோடு விண்ணப்பியுங்கள். எடுக்க முடிந்தும் விண்ணப்பிக்காவிட்டால் ஆண்டு முடிவில் இது காலாவதியாகும்."

மூன்று வரிதான். நாள் எண்ணிக்கை, எடுக்கச் சொல்லும் வேண்டுகோள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் காலாவதிக் கடிகாரம் ஓடத் தொடங்காது. ஒப்பந்தத்தில் ஒரு மூலையில் "லீவு ஆண்டு முடிவில் காலாவதியாகும்" என்று பொதுவாக எழுதிவைப்பது பொதுவாகப் போதாது. மடல் அனுப்பிவிட்டு, லீவு கேட்டால் முகம் சுளித்து விரட்டுவதும் கடமையை நிறைவேற்றியதாகாது. ரேஷன் கடையைத் திறக்காமல் வைத்துவிட்டு, நீ வந்து வாங்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

கடமை நிறைவேறவில்லை என்றால் என்ன ஆகும்? பழைய லீவு புதிய ஆண்டின் லீவோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டும் மடல் இல்லையென்றால் இன்னும் சேரும். எத்தனை காலம் சேரலாம் என்பதற்கும் ஒரு வழக்கு பதில் சொல்கிறது. வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றில் 1996 நவம்பர் முதல் 2017 ஜூலை வரை கணக்காளராக இருந்த ஒரு பெண்மணி வேலை மிகுதியால் பல ஆண்டுகள் லீவை முழுதாக எடுக்கவில்லை. 2011-உம் அதற்கு முந்தைய ஆண்டுகளும் சேர்ந்து 76 நாள் மீதம் என்று முதலாளியே எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கு வந்ததும் மூன்று ஆண்டுக் காலவரம்பு தாண்டிவிட்டது என்றார். காலவரம்பு என்பது ஒரு கோரிக்கையை நீதிமன்றத்தில் எழுப்ப உள்ள கெடு. 2022 டிசம்பர் 20-இல் எர்ஃபர்ட் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை, பிந்தைய 2013 முதல் 2016 வரையிலான ஆண்டுகளில் எடுக்காமல் நின்ற லீவுக்கான பணம் அவருக்கே என்றது. முதலாளி அறிவிப்புக் கொடுத்த ஆண்டின் முடிவில்தான் மூன்று ஆண்டு எண்ணத் தொடங்கும், அறிவிப்பே இல்லையென்றால் எண்ணவே தொடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

நீண்ட நாள் நோயில் இருப்பவருக்கு வேறு கணக்கு. வருடம் முழுக்கப் படுத்திருந்தால் அந்த வருட லீவு, வருடம் முடிந்து 15 மாதம் கழித்துக் காலாவதியாகும். 2024 லீவு என்றால் 2026 மார்ச் 31. ஆனால் அந்த ஆண்டில் கொஞ்ச நாள் வேலை செய்துவிட்டுப் பிறகு படுத்தவர் என்றால், படுக்கும் முன்பு அறிவிப்பு வந்ததா என்ற கேள்வி இங்கேயும் எழும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பொறுப்பு இடம் மாறிய விதம். ஜெர்மன் சரளமாக வராதவர், வேலை போய்விடுமோ என்று பயப்படுபவர், லீவு கேட்கத் தயங்குவார். கேட்காதது அவர் குற்றம் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தவரை அந்தத் தயக்கத்தில் லாபம் பார்த்தவர் முதலாளி. இப்போது அதே தயக்கம் முதலாளியின் கணக்கில் கடனாக ஏறுகிறது. வயது வந்தவர்களின் லீவைக் கொடுக்காததற்கு அபராதம் என்று லீவுச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. சேர்ந்துகொண்டே போகும் இந்தக் கடன்தான் முதலாளியைக் கடமையைச் செய்ய வைக்கிறது. எடுக்கப்படாத லீவுக்கு ஆண்டுக் கணக்கில் நிதி ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதால் தணிக்கையாளரும் கேட்பார். இலையுதிர் காலத்தில் "உங்கள் மீதி லீவைப் பாருங்கள்" என்று நினைவூட்டல் வந்தால் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

ஒரு எல்லை உண்டு. இந்தக் கண்டிப்பான பாதுகாப்பு சட்டக் குறைந்தபட்சத்துக்கு உரியது. ஒப்பந்தத்தில் கூடுதலாக உள்ள எட்டு, பத்து நாளுக்குத் தனி விதி வைக்க முதலாளிக்கு அனுமதி இருக்கிறது. ஒப்பந்தம் இரண்டையும் பிரித்துப் பேசுகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கவில்லை என்றால் கூடுதல் நாளுக்கும் இதே விதிதான்.

பணமாக வாங்கலாமா?

வேலையில் இருக்கும்வரை சட்டப்படியான லீவைப் பணமாக மாற்ற முடியாது. லீவு இருப்பது ஓய்வுக்காக. "லீவு வேண்டாம், மணிக்கு ஒரு யூரோ சேர்த்துத் தருகிறேன்" என்று பேசி வைத்துக்கொண்டாலும் லீவு உரிமை அப்படியே இருக்கும்.

வேலை முடியும்போது மட்டும் எடுக்காத நாட்கள் பணமாகும். தொழிலாளி இறந்துவிட்டால் அந்தப் பணம் வாரிசுகளுக்குச் சேரும். வேலையில் இருக்கும்போது இதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. 2023-இல் ஒரு மேலாளர் நோயில் இருந்தபடியே முதலாளியுடன் நீதிமன்ற சமரசம் செய்துகொண்டார். லீவெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. நிஜத்தில் 7 நாள் மீதம். 2025 ஜூன் 3-இல் எர்ஃபர்ட் நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்று சொல்லி சுமார் 1,600 யூரோ தரச் சொன்னது.

வேலை முடிந்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது, இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பணமாக மாறிய உரிமைக்குச் சாதாரணக் கடனுக்கு உள்ள கெடுக்கள் பொருந்தும். காலவரம்பு மூன்று ஆண்டு. அதற்கும் முன்பாக, பல ஒப்பந்தங்களில் "மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் உரிமை போய்விடும்" என்று ஒரு விதி இருக்கும். ஆகவே வேலையை விட்ட கையோடு, மீதி நாட்களை எண்ணிப்போட்டு மின்னஞ்சலிலாவது கேட்டுவிட வேண்டும்.

முதலாளி மறுத்தால் உள்ளூர்த் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. அங்குள்ள மனு எழுதும் அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னால் அவரே எழுதிக்கொள்வார். தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் செலவு உங்கள் தலையில் விழாது. போகும்போது ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், லீவு கேட்ட மின்னஞ்சல்கள், வேலை நாள் அட்டவணையின் புகைப்படங்கள் கையில் இருக்கட்டும். சம்பளச் சீட்டின் ஓரத்தில் பல கம்பெனிகள் மீதி லீவு எண்ணிக்கையை அச்சிடும். அந்தச் சீட்டுகளை மாதாமாதம் எடுத்து வைத்திருப்பவருக்கு வழக்கில் பாதி வேலை குறைந்துவிடும்.